மைலோவின் காதுக்குக் கேட்டது

மைலோ என்ற நாய் வீட்டை விட்டுப் போனது நோய்த்தொற்றுக் கால நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்த ஆண்டா, அதற்கு அடுத்த ஆண்டா என்பதில் எனக்கு உறுதியில்லை. மழை பெய்துகொண்டிருந்ததாக நினைப்பதும் பிற்பாடு சேர்ந்துகொண்டதாக இருக்கலாம். ஆனால் அந்த நாட்களில், இரவுச் சாப்பாட்டு வேளையானால் ஈப்போ நகரின் நாய்கள் எல்லாம் சாரதாதேவி டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஊளையிட்டன என்பதில் ஐயமில்லை. தெற்கே இருக்கும் காம்பார் ஊர் நாய்கள் வடக்கே திரும்பின. இன்னும் தெற்கே பீடோரிலும் அப்படித்தான் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று கிடையாது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு அது. சாரதாதேவியின் கணவர் சிவானந்தன் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தங்கள் குடும்பங்களில் எவரும் குரலை உயர்த்தியதில்லை என்பதில் இருவருக்கும் பெருமை உண்டு. நாய் போவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சாரதாதேவியின் பணி ஓய்வு விருந்தில் பழைய அதிகாரி ஒருவர், "சித்தியவான் பள்ளிக்குத் தலைமையாசிரியையா வரச்சொல்லிக் கூப்பிட்டோமே, உங்களுக்கு விருப்பமில்லன்னு உங்க வீட்டுக்காரர் போன்ல சொல்லிட்டாரே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படி ஓர் அழைப்பு வந்ததே சாரதாதேவிக்குத் தெரியாது. அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கணவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதன்பின் அவரோடு பேசவில்லை. சிவானந்தனும் ஏனென்று கேட்கவில்லை. கேட்டால் விடை வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேண்டிய பேச்செல்லாம் நாய் வழியாக நடந்தது. "மைலோ, சாப்பாடு ஆறுது எண்டு உன்ர ஐயாட்டச் சொல்லு" என்பார் சாரதாதேவி. "வாறன் எண்டு சொல்லு, மைலோ" என்பார் சிவானந்தன். மைலோ என்னும் சாக்லேட் பானத்தின் நிறம் என்பதால் அந்தப் பெயர் பெற்ற நாய், நடுவில் படுத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். பேச்சு நின்றதும் முன்னங்கால்களால் காதுகளைப் பொத்திக்கொள்ளும். கால்நடை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதில் குறையொன்றுமில்லை, நமக்குக் கேட்காததும் இதற்குக் கேட்கும், அவ்வளவுதான் என்றார். பிறகு ஒருநாள் அது எழுந்து, தன் சோற்றுத் தட்டை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோனது.

அடுத்த வீட்டில் லாரி ஓட்டும் உடையப்பனும் அவர் மனைவி நல்லம்மாளும் இருந்தார்கள். காலையில் பல் துலக்கும்போது தொடங்கும் அவர்கள் சண்டை இரவு கதவு சாத்தும்வரை ஓயாது. அந்த இரைச்சலுக்கு நடுவே மைலோ மல்லாந்து தூங்கியது.

"நான் கூப்பிடல டீச்சர், அதுவா வந்து படுத்துக்கிச்சுலா" என்றார் நல்லம்மாள்.

"இவ கத்துற கத்துக்கு நானே ஓடிப்போலாம்னு இருக்கேன். இது எதுக்கு வந்துச்சுன்னு தெரியல" என்றார் உடையப்பன்.

"போயேன், யாரு புடிச்சா? லாரி சாவி அங்கதான் தொங்குது."

"சாப்பிட்டுட்டுப் போறேன்."

மைலோ கொட்டாவி விட்டது.

சாரதாதேவி அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலை நெருங்கியதும் அது நடுங்கியது. அவர் சித்தியவானை நினைத்தபோது முனகியது. காயப்போட்ட துணியை நினைத்தபோது முனகல் நின்றது. மறுபடி சித்தியவானை நினைத்தார். அது திமிறிக் குதித்து ஓடிவிட்டது. ஒருவருக்கும் தெரியாமல் உள்ளே பூட்டி வைத்திருந்தது இத்தனை நாளும் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. யாருக்கோ கேட்டிருக்கிறதே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

நாய் போனபின் சிவானந்தனைச் சாப்பிட அழைக்க வழியில்லை. அழைக்காமல் வந்து உட்காருவது அவர் வழக்கமுமில்லை. அவர் முன்கூடத்தில் மெலிந்துகொண்டே போனார். குழம்பு அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே நாய்கள் ஊளையிட்டன. இப்படியே இரண்டு அறைகளில் இரண்டு பேரும் செத்துப்போவோம் என்று ஒரு மாலை சாரதாதேவிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ" என்றார். அந்தச் சொல்லோடு வாயிலிருந்து கொஞ்சம் சாம்பலும் வந்து மேசையில் படிந்தது. "நான் சித்தியவானுக்கு வரமாட்டன் எண்டு உங்களை ஆர் சொல்லச் சொன்னது?"

சிவானந்தன் முன்கூடத்திலிருந்து எழுந்து வந்து மேசைமுன் உட்கார்ந்து, "நீர் அங்க போனால் நான் இஞ்ச ஆரோட கதைக்கிறது எண்டு நினைச்சன்" என்றார்.

"இப்ப ஆரோட கதைக்கிறியள்?"

அவர் நாய் படுக்கும் இடத்தைப் பார்த்தார். அப்போதுதான் சாரதாதேவி வாழ்நாளில் முதன்முறையாகக் கத்தினார்.

அடுத்த வீட்டில் சண்டை பாதியில் நின்றது. "டீச்சரா இது?" என்றார் உடையப்பன். "வாய மூடுய்யா, கேக்கணும்" என்றார் நல்லம்மாள். மாநிலத்தின் நாய்கள் உட்கார்ந்த இடத்திலேயே படுத்துக் கண்ணயர்ந்தன. மைலோ தட்டைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்து, மேசைக்கு அடியில், கத்துகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் தூங்கிப்போனது. சிவானந்தன் திட்டு வாங்கிக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

அதன்பின் அவர்கள் நாள் தவறாமல் சண்டையிட்டார்கள். ஒருமுறை சித்தியவான் போனார்கள். பள்ளி வாசலில் சாரதாதேவி நின்றுகொண்டே இருந்தார். வெயிலுக்குச் சிவானந்தன் குடை பிடித்தார். மன்னித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. உடையப்பனும் நல்லம்மாளும் சிரம்பானில் இருக்கும் மகள் பிரமிளா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கும் சண்டை நடப்பதாகத் தகவல். மைலோ, புளி அதிகமா குறைவா என்ற வாக்குவாதத்தின் நடுவே தூக்கத்தில் இறந்தது. சிவானந்தன் போன தைப்பூசத்துக்கு மறுவாரம் இறந்தார். அந்த வீட்டில் இப்போது மறுபடியும் பேச்சில்லை. ஆனால் எந்த நாயும் ஊளையிடுவதில்லை. சாயங்காலமானால் தெருநாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கும் சாரதாதேவியின் காலடியில் படுத்துத் தூங்குகின்றன.