தார்ப்பாய் என்று பேர் வந்த கதை

"மாசா மாசம் கேஸ் தீர்ந்துபோச்சுன்னு வந்து நிக்கிறான். சரியான தார்ப்பாய்!" என்று ஏசி மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தாள் கிருஷ்ணப்ரியா.

வாசலில் வேப்பஞ்சருகு கூட்டிக்கொண்டிருந்த ருக்குமணியின் கை நின்றது. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆபீசர் வீட்டம்மா வாயிலும் அந்தச் சொல் வந்துவிட்டதா! பக்கத்து ஊர் வடக்குத்திலிருந்து வரும் ருக்குமணி, சுரங்க டவுன்ஷிப்பின் பதினெட்டாம் பிளாக்கைப் பெருக்க ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது. இன்னும் காண்ட்ராக்ட்தான். அவள் செய்ததில் பெர்மனென்ட் ஆனது அந்த ஒரு சொல் மட்டுமே.

"கொள்ளையடிக்கிறவன ஏன்க்கா இங்க தார்ப்பாய்ங்கிறாங்க? எங்க ஊர்ல இப்படிச் சொல்ல மாட்டாங்க."

"அது நான் வெச்ச பேரும்மா." துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். ஒருத்தர் கேட்டுவிட்டால் ருக்குமணியை யார் நிறுத்துவது?

'தானே' புயல் அடித்தபோது வடக்குத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை போய்விட்டது. பத்து வயது மகன் வளவன் காய்ச்சலில் கிடந்தான். ஊரில் தார்ப்பாய் இருந்தது வைத்திலிங்கம் கடையில் மட்டும். மனுஷன் முதல் நாள் விலையை மூன்று மடங்காக்கினார். மறுநாள் ஒவ்வொரு பாயையும் இரண்டாக வெட்டி, பாதியை முழு விலைக்கு விற்றார். ருக்குமணி காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து ஒரு பாதி வாங்கினாள். மழை என்னவோ முழுசாகத்தான் பெய்தது.

அடுத்த மாதம் ரேஷன் கடையில் அவர் எல்லாரையும் தாண்டி முன்னால் போய் நின்றார். "யோவ் தார்ப்பாயி, பின்னாடி போய்யா!" என்று கத்தினாள் ருக்குமணி. வரிசையே சிரித்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அப்புறம் தெருப் பிள்ளைகள் கத்தின. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணத்தை விழுங்கிய புரோக்கர்களுக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. தலை நிமிர்ந்து நடக்க முடியாத வைத்திலிங்கம் கடையை மூடிவிட்டுக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் போய்விட்டார்.

கிருஷ்ணப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். "இப்ப மைன்ஸ் கேட்ல ஒரு தார்ப்பாய் இருக்கானாம்க்கா. எங்க வீட்டுக்காரர் சொன்னார். காண்ட்ராக்ட் ஆளுங்களுக்குச் சும்மா குடுக்கவேண்டிய சேஃப்டி ஷூவ நாள் வாடகைக்கு விடுறானாம். ஷூ இல்லன்னா உள்ள விட மாட்டாங்கல்ல? யாரோ ஒரு சின்ன வயசு சூப்பர்வைசராம்."

ருக்குமணியின் சிரிப்பு பாதியில் நின்றது. வளவன் அதே கேட்டில் சூப்பர்வைசராகி நாலு மாதம். வீட்டில் கட்டிலுக்கு அடியில் மூன்று மூட்டை ஷூ இருக்கிறது. "ஸ்டோர்ல எடம் இல்லம்மா" என்றான், நம்பினாள். அப்புறம் கூட்டிய இடத்தையே மூன்று தடவை கூட்டினாள். கேட்டில் அவன் ஒருத்தன்தானா சூப்பர்வைசர்? வேறு எவனாவது இருப்பான். கிருஷ்ணப்ரியா நீட்டிய டீயைக் குடிக்காமல் கிளம்பினாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி ஓட்டமும் நடையுமாக மைன்ஸ் கேட்டுக்குப் போனாள்.

இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லார் காலிலும் ரப்பர் செருப்பு. கடைசியில் பக்கத்து வீட்டு அறிவுச்செல்வன் நின்றான்.

"எதுக்குடா நின்னுகினு இருக்கீங்க?"

"ஷூவுக்குக்கா." அவன் தரையைப் பார்த்தான்.

"வாடகைக்கா?"

கையிலிருந்த ரூபாய் நோட்டை மடக்கி மறைத்தான்.

"குடுக்கறவன என்னான்னு கூப்புடறீங்க?"

"விடுக்கா. ஒன் காதுல விழக்கூடாதுன்னுதான் ஊர்ல யாரும் வாயத் தெறக்கறதில்ல."

அதுதான் அவளைக் கொன்றது. ஊரே தெரிந்துகொண்டு அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

வரிசையின் முன்னால், கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் வளவன் உட்கார்ந்திருந்தான். எதிரே ஷூக்கள் பரப்பியிருந்தன, ஒரு நீலத் தார்ப்பாயின் மேல். போன வாரம் வீட்டு விறகின் மேலிருந்து காணாமல் போனது. வெட்டிய ஓரம் பிரியாமலிருக்க அவள் பச்சை நூலால் போட்ட தையல் இன்னும் இருந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு மேல் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்ற பாய்.

"அம்மா! இங்க என்னாத்துக்கு வந்த?"

ருக்குமணி குனிந்து ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஷூக்கள் புழுதியில் உருண்டன.

"எடுத்துக்கங்கப்பா. அதெல்லாம் உங்களுதுதான்."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு அறிவுச்செல்வன் வந்து தன் அளவைத் தேடி எடுத்தான்.

வளவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடிக்குரலில் கெஞ்சினான். "நாலு பேரு முன்னால எம் பேர கெடுக்காதம்மா."

"எந்தப் பேர்றா? ஒனக்கு இருக்கற ரெண்டு பேரும் நான் வெச்சதுதான்டா."

கையை விடுவித்துக்கொண்டு, பாயை நாலாக மடித்து அக்குளில் இடுக்கியபடி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.