எட்டாயிரத்து அறுநூறு லிட்டர் பெரியவர்

1

இந்தக் கதை நானாக நினைத்து எழுதியதல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார்: “வயசானவங்க பெருகிட்டாங்க, தண்ணி குறைஞ்சுபோச்சு. ரெண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு கதை குடுங்க.” சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் தலையாட்டியது என் தப்பு.

முதல் தொடக்கம்: வறண்ட ஏரிக்கரையில் தள்ளாடியபடி ஒரு முதியவர்…

(அடித்துவிட்டேன். நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.)

2

இரண்டாவது தொடக்கம் வேலையிலிருந்து. தண்ணீர் வாரியத்தில் குழாய்களைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். குழாய்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். வாரம் ஒருநாள் கடைசித் தெருவுக்குப் போய், வால்வைத் திறந்து, அறுபதாயிரம் லிட்டர் நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விடுவார். கிறுக்கு இல்லை, உத்தரவு. அறுபது வீட்டுக்கென்று போட்ட பெரிய குழாய் அது. இளையவர்கள் வேலை தேடிப் போனார்கள், மூத்தவர்கள் ஒவ்வொருவராக முடிந்துபோனார்கள். மிஞ்சியது ஒரே வீடு, ஒரே ஆள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது எண்பத்தொன்று. அவருடைய நாலு வாளிக்குக் குழாயில் தண்ணீர் ஓடாது, தேங்கிக் கெடும். அதனால் கொட்ட வேண்டும்.

(சின்னக் குழாய் மாற்றினால் கொட்டவே வேண்டாம். குழாய்க்காரர் மூன்று வருடம் முன்பே எழுதிக் கேட்டார். ‘எதிர்காலம் இல்லாத தெரு’ என்று பதில் வந்தது. இந்த வரியை நான் கற்பனை செய்து எழுதும்போதே பேனாமுனை தாளைக் கிழித்துவிட்டது. கோபத்தில்தான்.)

3

வாரிய அதிகாரி குழாய்க்காரரிடம் ஒரு படிவத்தை நீட்டினார்.

“இந்த ஆள் தினமும் எட்டாயிரத்து அறுநூறு லிட்டர் செலவழிக்கிறார். ஊர்லயே அதிகம். திங்கக்கிழமை லைனைத் துண்டிக்கணும். நேர்ல பார்த்தேன், உண்மைன்னு கையெழுத்துப் போடுங்க.”

“சார், அது நான் சாக்கடையில விடுற தண்ணி.”

“எந்தத் தெருவுல விடுறீங்க?”

“அவர் தெருவுலதான்.”

“அங்க எத்தனை பேர்?”

“அவர் ஒருத்தர்.”

“அப்ப வாரத்து அறுபதாயிரத்தை ஏழு நாளுக்கு வகுத்தா யார் தலையில வருது?”

இங்கே அந்த அதிகாரியை வில்லனாக்க ஆசைப்பட்டு, அவருக்கு ஒரு தொப்பை… இல்லை, வேண்டாம். ஒல்லியாகவே இருக்கட்டும். இந்த வகுத்தலுக்குத் தொப்பை தேவையில்லை. ‘முதியோரால் வளம் அழிகிறது’ என்று மேடையேறிப் பேசுபவர்கள் கையிலிருக்கும் எண்கள் எத்தனை இப்படி வகுத்து வந்தவையோ.

4

குழாய்க்காரர் படிவத்தோடு கண்டக்டர் வீட்டுக்குப் போனார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“எட்டாயிரத்தோட நிறுத்திட்டாங்களே தம்பி. ஒரு யானையையும் என் பேர்ல எழுதியிருக்கலாம்.”

“சிரிக்காதீங்க பெரியவரே. திங்கக்கிழமை வெட்டிடுவாங்க.”

“அறுபது பேர் போற வண்டி. கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒருத்தன்தான் வர்றான். மொத்த டீசலையும் அவனே குடிச்சான்னு எந்த டிப்போவுலயாவது எழுதுவாங்களா?”

குழாய்க்காரர் படிவத்தை வாங்கி மேசையில் விரித்து வைத்தார்.

“தண்ணி நின்னா நான் முதியோர் இல்லத்துக்குத்தான் போகணும். நாலு கட்டிலு, ஒரு ஜன்னலு. நான் போகமாட்டேன்னு சொல்லல. திருடிக் குடிச்சவன்னு பேர் வாங்கிட்டுப் போகமாட்டேன்.”

“நான் போடலைன்னா வேற ஆளை வெச்சுப் போடுவாங்க. என் வேலையும் போயிடும்.”

“தெரியும். அதான் உங்களைத் திட்டாம உக்காந்திருக்கேன்.”

5

முடிவு ஒன்று: குழாய்க்காரர் கையெழுத்துப் போடுகிறார். நீங்கள் அவரைக் கரித்துக்கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

முடிவு இரண்டு: கிழித்துப் போடுகிறார். நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று இன்னும் நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

இரண்டையும் தரமாட்டேன். பெரியவர் வீட்டு மேசையில் படிவம் விரிந்தே கிடக்கிறது, பேனா மூடி திறந்திருக்கிறது, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவுக்கு நான் கேட்கும் விலை ஒன்றுதான், பேரம் கிடையாது: அந்த வகுத்தலைப் போட்டவரைக் கூட்டிவந்து, அவர்களுக்கு நடுவில் காலியாகக் கிடக்கும் மூன்றாவது நாற்காலியில் உட்கார வையுங்கள். அதுவரை இவர்களை எழுப்பமாட்டேன்.