ஒற்றை நட்டுச் சக்கரம்

இன்னும் வெளிவராத ஒரு காருக்காக மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் சேர்த்துச் சொந்தமாக இருந்தது ஒரு ஸ்கூட்டரும், பல் டாக்டரின் பழைய சின்னக் காரும்தான்.

சண்டை நடந்த இடம் கார் கழுவும் நிலையத்தின் காத்திருப்பு அறை. நிலையத்தின் சொந்தக்காரரை எல்லோரும் டீசல் என்றே கூப்பிடுவார்கள். சட்டென்று புகைகிற ஆள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். இந்தப் பக்கம் டீசலின் போனில், கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டி உருவம் மறைத்த ஒரு சூப்பர் கார். யாரோ வேலிக்கு வெளியே நின்று எடுத்த மங்கலான படம்.

"விளக்கைப் பாருங்க, தூக்கத்துல எழுப்பின மாதிரி முழிக்குது. மூஞ்சி இதுதான்னா எனக்கு வேண்டவே வேண்டாம்" என்றார் டீசல்.

"உங்களுக்கு யாரு சார் தரேன்னாங்க?" என்றார் பல் டாக்டர்.

மூன்றாவது ஆள் பார்சல். கூரியர் அலுவலகத்தில் பொட்டலங்களைப் பிரித்து அடுக்குகிறவன். முப்பதைத் தாண்டியும் தனியாள். அவன் படத்தைப் பெரிதாக்கிச் சக்கரத்தைக் காட்டினான். "நடுவுல நிழலைப் பாருங்க. ஒரே ஒரு பெரிய நட்டுதான் சக்கரத்தைப் பிடிச்சிருக்கு. பின் சக்கரமும் லேசாத் திரும்பும். வளைவுல வால் வீசாது, கோடு போட்ட மாதிரி போகும்."

"அஞ்சு போல்ட்டுடா. எழுதி வச்சுக்கோ."

"ஒரு நட்டு, டாக்டர்."

"சரி, உன் கருத்தைக் கட்டி, முகவரி எழுதி அனுப்பிடு. போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்."

டீசல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் இருந்த, ஊர்க் கார் ரசிகர்களின் வாட்ஸாப் குழுவிலும் அந்த வாரம் முழுக்க இதே கேலிதான்.

பார்சலின் அக்கா புருஷனுக்கு, ஊருக்கு வெளியே இருக்கிற அந்தக் காரின் சோதனைத் தளத்தில்தான் வேலை. ஓட்டிப் பார்க்கிற கார்களுக்குச் சக்கரம் மாட்டுவதும் கழற்றுவதும் அவர் பொறுப்பு. உள்ளே போகும்போது வாசலிலேயே போன் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அத்தான் வீட்டில் வேலையைப் பற்றி மூச்சு விட மாட்டார். பார்சலும் கேட்டதில்லை.

ஆனால் ஒருநாள் சாப்பிட வந்த மைத்துனன் போனைப் பார்த்துப் பார்த்து முகம் சுண்டிப்போவதை அவர் கவனித்தார். என்ன என்று கேட்டார். அவன் சிரித்து மழுப்பிக்கொண்டே சொன்னான். "அவ்வளவுதானா?" என்றார் அவர். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. காரின் முன் சக்கரம், கேமரா ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் பக்கத்திலிருந்து எடுத்தது. நடுவில் ஒரே நட்டு. கீழே ஒரு வரி: 'உனக்கு மட்டும். பாத்துட்டு அழிச்சிடு.'

அவர் செய்தது தப்புதான். ஆனால் ஒருவனின் வாடிய முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் செய்த தப்பு. அதைக் கடவுள் எந்தத் தராசில் வைப்பார் என்று நமக்குத் தெரியாது.

பார்சல் அழிக்கத்தான் நினைத்தான். அன்று மாலையே டாக்டர் குழுவில் எழுதினார்: 'பொட்டலம் பிரிக்கிறவனுக்கு சஸ்பென்ஷனைப் பத்தி என்ன தெரியும்?' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அவன் படத்தில் சக்கரத்தை மட்டும் வெட்டி எடுத்தான். கம்பிகள் கறுப்பில் அமுங்கிக் கிடந்தன. மங்கலான படங்களுக்கெல்லாம் வழக்கமாகச் செய்வதுபோல வெளிச்சத்தைக் கூட்டினான். ஒவ்வொரு கம்பியும் பளிச்சென்று எழுந்து நின்றது. போட்டுவிட்டான்.

'கையெடுத்துக் கும்பிடறேன், பார்சல்' என்று டாக்டர் எழுதினார். 'எங்க தலைவர்' என்றார் டீசல். மறுநாள் வேலையில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மதியம் ஒருமுறை படத்தை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. இன்னும் இரண்டு பேர் பாராட்டட்டும் என்று விட்டான்.

அதற்குள் யாரோ அதை உலகமே பார்க்கிற கார் ரசிகர் பக்கம் ஒன்றில் போட்டுவிட்டார்கள். பல் டாக்டரோ, வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பல்லின் பின்பக்கத்தைப் பார்த்தே பழகியவர். நட்டின் மேலிருந்த வழவழப்பான மூடியை மட்டும் பெரிதாக்கினார். அதில் ஒரு ஆள் வளைந்து தெரிந்தார். கையில் போன், மார்பில் சிவப்புப் பட்டை போட்ட வேலை உடை, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட முகம். டாக்டர் சுற்றிலும் வட்டம் போட்டு அதே பக்கத்தில் எழுதினார்: 'படம் எடுத்த புண்ணியவான் இவர்தான்!'

வெளிச்சத்தைக் கூட்டாமல் இருந்திருந்தால் அந்த முகம் இருட்டிலேயே இருந்திருக்கும்.

பார்சல் போன் செய்தான். "டாக்டர், அதை எடுத்துடுங்க."

"ஏன்டா, உன் மாமனாரா?"

"என் அக்கா புருஷன்."

டாக்டர் உடனே எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது. கண்ணாடியை அப்படி நெற்றிக்கு ஏற்றுகிறவர் அந்தத் தளத்தில் ஒருவர்தான்.

பார்சல் அக்கா வீட்டுக்குப் போனபோது, அவள் சமையலறை அலமாரியைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் அவள் வீட்டைச் சுத்தம் செய்வாள்.

"வாடா. உங்க அத்தான் பண்ணின காரியத்தைக் கேட்டியா? காரைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டியிருக்கார். இத்தனை வருஷ வேலை, ஒரு நட்டுக்குப் போச்சு. யார்கிட்ட பேர் வாங்கணும்னு இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டா, வாயைத் திறக்க மாட்டேங்கறார். நீயாவது கேளுடா."

அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சொல்லாதே என்று அர்த்தம். வெளியே போட்டது யார் என்று கம்பெனியில் கேட்டபோதும் அவர் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று அவனுக்குப் புரிந்தது.

சும்மா இருந்தால் போதும். மனிதன் பெரும்பாலும் இந்த மாதிரிச் சும்மா இருக்கிற இடத்தில்தான் கெட்டுப்போகிறான்.

"அக்கா, அத்தான் யாருக்கும் காட்டலை. எனக்கு மட்டும்தான் அனுப்பினார். போட்டது நான்."

அக்கா கையிலிருந்த டப்பாவை மூடிக் கீழே வைத்தாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து உங்களை என்னென்னவோ பேசிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவன் உனக்கு ஒரே தம்பி."

"நீங்க எனக்கு எத்தனை பேராம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தம்பியிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எதுக்குடா போட்ட?"

"டாக்டர் அஞ்சு போல்ட்டுன்னு சொன்னார்."

சொன்ன பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்று அவன் காதிலேயே விழுந்தது. இன்னும் ஏதாவது காரணம் வரும் என்று அக்கா காத்திருந்தாள். வேறு காரணம் இல்லை.

"போயிடு" என்றாள்.

அத்தான் வாசல்வரை வந்தார். "நீ சொல்ல வேண்டாம்னுதான் நான் நினைச்சேன். ஆனா நீ சொல்லாமப் போயிருந்தா, அப்புறம் உன் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்னு தெரியலை" என்றார். அவன் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டு உள்ளே போனார்.

அதன்பின் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ரகசியத்தை வெளியே விட்டவர் என்ற பேச்சு அவருக்கு முன்பே போய் வாசலில் நின்றது. கடைசியில் பல் டாக்டர்தான் டீசலிடம் பேசினார். டீசல் புகையாமல், "வரச் சொல்லுங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இருந்தாலும், அந்தக் கார்களுக்குச் சக்கரம் மாட்டிய கை இப்போது ஊர்க் கார்களின் சேற்றைக் கழுவியது.

புதிய காரின் அறிமுக விழாவைக் காத்திருப்பு அறையின் திரையில் எல்லோரும் பார்த்தார்கள். போர்வையை உருவினார்கள். நடுவில் ஒரே நட்டு.

"பார்சல், நீதான்டா!" டீசல் அவன் முதுகில் தட்டினார்.

"ஒத்துக்கறேன்" என்றார் டாக்டர். அவர் சிரிக்கவில்லை. அவர் பார்வை கண்ணாடிச் சுவருக்கு வெளியே போனது.

வெளியே ரப்பர் பூட்ஸ் போட்ட அத்தான் ஒரு வேனின் சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தார். வேனுக்குச் சொந்தக்காரன் கையைக் கட்டிக்கொண்டு, அழுக்கு இருந்த இடத்தைச் செருப்புக் காலால் சுட்டிக்காட்டினான்.

பார்சல் எழுந்து வெளியே போனான். சுவரோரம் கிடந்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்தருகே உட்கார்ந்தான்.

"சட்டை நனையும்" என்றார் அத்தான்.

"நனையட்டும்." சற்றுப் பொறுத்து, "அக்கா?" என்றான்.

"இன்னும் இல்லை." அவர் டயரில் சிக்கிய ஒரு கல்லை நோண்டி எடுத்துப் போட்டார். "நேத்து உன் பேச்சை எடுத்தேன். எப்பவும் எழுந்து போயிடுவா. நேத்து உட்கார்ந்துதான் இருந்தா."

அவன் தலையாட்டிவிட்டுத் தேய்க்கப் போனான்.

"முதல்ல தண்ணி ஊத்து. காஞ்ச மண்ணைத் தேய்ச்சா கீறல் விழும்."

டீசல் கதவைத் திறந்து, பின் சக்கரம் திரும்புவதைக் காட்டுகிறார்கள், ஓடி வா என்று கத்தினார். பார்சல் வாளியைச் சாய்த்தான். மண் கரைந்து இருவர் கால்களுக்கும் நடுவே ஓடியது.