ஈல் பார்ல், ரெண்டே வெட்டு

என் கணவருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்ததற்குப் பதிலாகச் சுவரில் போய் முட்டிக்கொண்டிருக்கலாம். சுவராவது எதிர்த்துப் பேசாது.

எனக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பிரெஞ்சுப் பேச்சுத் தேர்வில் அவர் தேறினால்தான் கூட வர முடியும். இல்லையென்றால் நான் தனியாக விமானம் ஏற வேண்டும். அந்தக் கவலை மனிதருக்குத் துளியாவது இருக்க வேண்டுமே!

“ஈல் பார்லெந்த்,” என்றார், சோபாவில் சாய்ந்தபடி.

“ஐயோ, ‘ஈல் பார்ல்’ங்க! அவங்க பேசறாங்கன்னு அர்த்தம். கடைசியில எழுதற e, n, t மூணு எழுத்தையும் சொல்லக்கூடாது. அது சும்மா நிக்கும்.”

“சும்மா நிக்கிறவனை என் கடையில நான் விடறதே இல்ல. விரட்டிருவேன்.”

அவருக்கு முடிவெட்டும் கடை. முடி சிக்காத நேரத்திலும் அவர் கத்தரி காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். கடுப்பில் அந்தக் கத்தரியையே எடுத்து அவர் கையில் திணித்தேன்.

“அசைக்கு ஒரு வெட்டு. ஈல், பார்ல். ரெண்டே ரெண்டு. மூணாவது வெட்டு விழுந்துச்சு, சாப்பாடு கிடையாது.”

சட்டென்று பிடித்துக்கொண்டார்! நூ, பார், லோன்: நாம் பேசுகிறோம். மூன்று வெட்டு. வூ, பார், லே: நீங்கள் பேசுகிறீர்கள். மூன்று. பிசகவே இல்லை. கத்தரியை வாங்கி வைத்தால் மட்டும் மறுபடி பார்லெந்த்.

தேர்வு நாளன்று வாசல் காவலாளி அந்தக் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டார். தேர்வு அறைக்குள் கத்தரியை விடமாட்டார்கள் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று வெளியே நின்றேன்.

கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், இவர் இரண்டு விரலைக் கத்தரியாக்கி வெட்டிக்கொண்டிருக்கிறார்! அதுவும் தேர்வாளர் அம்மாவின் நெற்றி முடிக்கு நேராக. அந்த அம்மா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். “என்னதான் சொன்னீங்க?”

“விரலை ஏன் ஆட்டறீங்கன்னு கேட்டாங்க. ‘வூ பார்லே, ஜெ கூப்’னேன்.”

நீங்கள் பேசுகிறீர்கள், நான் வெட்டுகிறேன்! தலையில் அடித்துக்கொண்டேன்.

“முதல்ல பயந்தாங்க. அப்புறம் கடை வச்சிருக்கேன்னு சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பாஸ்.”

“பாஸா? அப்புறம் ஏங்க இன்னும் வெட்டிக்கிட்டே இருக்கீங்க? நிறுத்துங்களேன்!”

“வெட்டல,” என்றார். “காலையிலேர்ந்து நடுங்குது. நீ தனியாப் போயிருவியோன்னு.”

அந்த இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டேன்.