வழுவழுப்பு

அந்தக் கொட்டகையில் சோப்பு காய்ச்சியவர்கள் இரண்டே பேர், அண்ணியும் அவளுடைய நாத்தனாரும். "உங்க அண்ணன விட உன்கூடத்தான் நான் அதிகம் குடும்பம் நடத்துறேன்" என்று அண்ணி கேலி செய்வாள்.

வேலையில் மட்டும் அண்ணி கறார். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைத் தூவ வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துச் சீறும். கையில் பட்டால் வழுவழுவென்றிருக்கும். எண்ணெயைச் சோப்பாக்கும் காரம் தோலின் கொழுப்பையும் விட்டுவைக்காது. "வழுவழுப்பு போற வரைக்கும் கழுவு" என்று அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

அன்று வாளியின் அடியில் சோடா மிச்சமிருந்ததைக் கவனிக்காமல் நாத்தனார் தண்ணீரை ஊற்றிவிட்டாள். ஒரே சீறல். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினாள். அண்ணி அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கழுவினாள். ஐந்து நிமிடம் இருக்கும். உள்ளே அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்தது.

"எரிச்சல் குறைஞ்சிருக்கு அண்ணி. கன்னந்தான் வழுவழுன்னு இருக்கு."

"அப்ப சரியாயிடும். துடைச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்க ஓடினாள்.

மாலைக்குள் கண் வெளுத்துவிட்டது.

"ஆசிட்னா பெரும்பாலும் மேலோட நின்னுடும்" என்றார் கண் டாக்டர். "காரம் உள்ள உள்ள போய்க்கிட்டே இருக்கும். அரை மணி நேரமாவது விடாம கழுவணும். எவ்வளவு நேரம் கழுவினீங்க?"

"ரொம்ப நேரம் டாக்டர்" என்றாள் அண்ணி.

பக்கத்தில் நாத்தனார் கட்டுப்போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

பார்வை திரும்பவில்லை. மூன்று மாதம் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் மனசு தாங்காமல் உடைந்தாள்.

"டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன்டி."

"தெரியும். பக்கத்துலதானே இருந்தேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"அண்ணன் உங்களக் கரிச்சுக் கொட்டியிருக்கும். கண்ணு வந்திருக்குமா?"

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"கோவம் இல்லன்னு சொன்னா அதுவும் பொய்யாயிடும் அண்ணி" என்றாள் கடைசியில். "எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். நான் வேற வேலை பாத்துக்கறேன்."

அடுத்த வாரம் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அண்ணி போட்டதைச் சாப்பிடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க அண்ணியால் இன்றுவரை முடியவில்லை.