கனவில் அடித்தவர்

என் இடது கண்ணைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்த செவிலி, ஏதோ படிவம் நிரப்புகிற சாக்கில் என்னை மட்டும் தனியறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"வீட்ல யாராவது உங்களை அடிக்கிறாங்களாம்மா?"

"அடிக்கிறார். தூக்கத்துல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் இந்த டுலூத் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டி, ஒரு பிள்ளையிடம்கூடக் குரலை உயர்த்தாத மனுஷனைப் பற்றி இப்படியொரு கேள்வி வந்ததே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை.

வெளியே என் கணவர் ஆர்விட், தூக்கக் கோளாறுகள் பற்றிய துண்டுப்பிரசுரத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப்பார்த்தேன். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றுபோவது, கால் குடைச்சல், தூக்கத்தில் நடப்பது. கடைசியாக, கனவில் செய்வதையெல்லாம் படுக்கையிலும் செய்வது. நடப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. கடைசியாகச் சொன்னவர்களோ எழுப்பினால் கனவைச் சொல்வார்கள். சிலருக்கு இது பல வருடம் கழித்து வரப்போகும், கைகால் நடுங்கும் பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. ஆர்விட்டின் அண்ணன் ஐனார் அந்த நோயில்தான் போனார். கடைசி இரண்டு வருடம் அவருக்கு சூப் ஊட்டியது ஆர்விட்தான்.

பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நான் தூக்கத்துல நடக்கிறவன்தான், லோர்னா. நீ உள்ள வந்து வாயைத் திறக்காத."

உள்ளே இருந்த மருத்துவர் ஒரு காலத்தில் அவருடைய பஸ்ஸில் பள்ளிக்குப் போனவள்.

"எழுந்ததும் கனவு ஏதாவது ஞாபகம் இருக்குமா சார்?"

"ஒண்ணும் இருக்காது."

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் ஆசைப்பட்டேன், சத்தியமாக. ஆனால் அடுத்த முறை இவர் கட்டிலிலிருந்து பாய்ந்து மண்டையை உடைத்துக்கொண்டால் என்ன செய்வேன்?

"போன வாரம் அடிச்சப்ப எழுப்பினேன். என் மேல ஒரு நாய் பாய்ஞ்சுச்சாம். அதைத்தான் அடிச்சாராம்" என்றேன்.

"நாய் இல்ல" என்றார் ஆர்விட். "ஓநாய். உன் கழுத்தைக் கவ்வியிருந்துச்சு. விட்டிருந்தா நீ செத்திருப்ப."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. பயமாகவும் இருந்தது.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க சார்."

அவர் உடனே நீட்டவில்லை. சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு நீட்டினார். மூன்று பேரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.