பெயர் வைக்காத குழந்தைக்கு ஒரு பட்டை

பிரசவ வார்டில் கணினியை மாற்றிய மறுநாள் காலை, மென்பொருள் எழுதியவளுக்குத் தலைமை நர்ஸிடமிருந்து போன் வந்தது.

"உங்க புரோகிராம் கையை விரிச்சிருச்சும்மா. மூணு குழந்தைக்குக் கைப்பட்டை அடிக்கணும். பட்டனை அமுக்கினா எல்லாம் மூடிக்குது."

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தொட்டில்களில் மூன்றும் அசந்து தூங்கின. மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி, நர்ஸ் பேனாவால் கட்டில் எண் எழுதியிருந்தார். ஒன்றில் மை கலைந்திருந்ததைப் பார்த்ததும் அவள் நேரே கணினி முன் போய் நின்றாள்.

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. நேற்றுப் பிறந்த குழந்தைக்கு ஏது பெயர்? புரோகிராமில், பெயர் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டிய சுட்டி (பாயின்டர்) வெறுமையாக இருந்தது. அச்சிடும் கட்டளை அதை நம்பிப் போய் விழ, புரோகிராம் மொத்தமும் மூடிக்கொண்டது.

"பழைய கம்ப்யூட்டர்ல இப்படி ஆகலையே?" என்றார் நர்ஸ்.

"அதுல என்ன வரும்க்கா?"

டிராயரிலிருந்து ஒரு பழைய பட்டையை எடுத்துக் காட்டினார். பெயர் வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில் 'நல்' (null) என்றிருந்தது; 'ஒன்றுமில்லை' என்பதற்குக் கணினி சொல்லும் சொல்.

"ஒரே வாரத்துல ஏழு நல்லு. நல்ல பேருதான்னு சிரிச்சுக்கிட்டு, கட்டில் நம்பரை வெச்சு சமாளிச்சோம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் புரோகிராமில் இருந்த தவறைப் பழைய கணினி இத்தனை நாள் பூசி மெழுகியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் போன் செய்து சொன்னதும் அவளுடைய கம்பெனி மேலாளர், "வெறும் இடமா விட்டுடு. விழாம இருந்தா போதும்" என்றார்.

"ரெண்டு பட்டை வெறுமையா வந்தா எது யாரோடதுன்னு எப்படி சார் தெரியும்?"

"அதுவும் சரிதான். அந்த நர்ஸையே கேட்டுச் செய்."

நர்ஸ் யோசிக்கவேயில்லை. "இன்னாரோட குழந்தைன்னு போடு. அம்மா பேரும் இல்லேன்னா அடிக்காதே. எது இல்லைன்னு என்கிட்ட சொல்லு."

அப்படியே எழுதினாள். அச்சிடும் முன் சுட்டி வெறுமையா என்று பார்க்கும் நான்கு வரிகள். முதல் பட்டை வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்கு, 'தாயின் பெயர் பதியப்படவில்லை' என்று திரை சொல்லிவிட்டுக் காத்திருந்தது. விழவில்லை.

நர்ஸ் உள்ளே போய்க் கேட்டு வந்து பதிந்தார். பட்டை வெளியே வந்தது. அதைக் கட்டியபோது குழந்தை கண்ணைத் திறக்கக்கூட இல்லை.

"உட்காரும்மா. வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கே" என்று நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது.